கேளுங்கள், சொல்கிறோம்: நாற்காலி கிடைத்தால் போதுமா?

வாசகி, தக்கலை: என் மகள் போலந்தில் முதியோர் நலத் தொண்டு அமைப்பு ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஐரோப்பிய ஒன்றிய நிதிக்கான கண்காணிப்புக் குழுவில் அந்த அமைப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களாம். அரசுப் பணம் புழங்கும் இடத்தில் தொண்டு அமைப்புக்கு என்ன வேலை?

சட்டப்படி கொடுத்தாக வேண்டிய இடம்தான் அது. ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதியில் 'பங்காண்மை', அதாவது முடிவெடுப்பதில் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்வது, என்ற விதி 1988 சீர்திருத்தத்தில் வந்தது. அப்போது அரசு மட்டங்களுக்குள் நின்ற விதி, பின்னால் தொழிற்சங்கம், தொழில் அமைப்பு, தொண்டு அமைப்பு என்று படிப்படியாக விரிந்தது. இப்போதைய 2021–2027 காலத்துக்கான பொது ஒழுங்குவிதியின் (இந்த நிதிகளுக்குப் பொதுவான ஒன்றியச் சட்டம்) 8வது பிரிவு, சுற்றுச்சூழல், மாற்றுத்திறனாளிகள், பாலினச் சமத்துவம் ஆகியவற்றுக்காக உழைக்கும் அமைப்புகளைச் சேர்க்கச் சொல்கிறது.

நிதியைச் செலவிடும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த தகவல் நாட்டுக்கு வந்த 3 மாதத்துக்குள் குழு அமைய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் ஆட்கள் வந்து ஆலோசனை சொல்லலாம், வாக்களிக்க முடியாது. குழுவில் யார் யார் என்பதை இணையதளத்தில் வெளியிட வேண்டும். தனித்தனி விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக இந்தக் குழுவின் வேலை அல்ல. எந்த அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒப்புதல் தருவதுதான் வேலை. உங்கள் மகளின் அமைப்புக்குப் பிடி இருப்பது அங்கேதான்.

மாணவர், நாகர்கோவில்: குழுவில் உட்கார்ந்தும் பல அமைப்புகளால் எதையும் மாற்ற முடிவதில்லையே, ஏன்?

தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக்கு மட்டும் ஆள் கூப்பிடும் கிராம சபையைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அந்தக் கதை உண்டு. கூட்ட அறிவிப்பும் ஆவணங்களும் பொதுவாக 10 வேலை நாளாவது முன்னதாகக் கைக்கு வர வேண்டும் என்பது 2014இல் வந்த பங்காண்மை நடத்தை நெறி. முந்தின நாள் ராத்திரி 200 பக்கத்தை அனுப்பினால் யாராலும் படிக்க முடியாது. அப்படி வந்தால் முதல் வேலையாகத் தாமதத்தைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, அந்தப் பொருளை ஒத்திவைக்கக் கேட்க வேண்டும்.

அடுத்த சிக்கல் வரைவின் ஏதோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும். 'விண்ணப்பதாரர் ஆறு மாதச் செலவைச் சொந்தக் கையிருப்பிலிருந்து சமாளிக்கக் கூடியவராக இருக்க வேண்டும்' என்று ஓர் அளவுகோல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு நியாயமான வரி. ஆனால் இந்த நிதி பெரும்பாலும் 'முதலில் செலவழி, கணக்குக் காட்டி வாங்கிக்கொள்' என்ற முறையில் ஓடுகிறது. கணக்குக் கொடுத்து 80 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்பது விதி. காகிதம் ஏதாவது குறைந்தால் அந்தக் கெடுவை நிறுத்தி வைக்கலாம். மாதம் 5,000 யூரோ செலவுள்ள சின்ன அமைப்பு 30,000 யூரோவுக்கு எங்கே போகும்? மாநகராட்சியும் பெரிய நிறுவனங்களும் உள்ளே போகும், முதியோருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் வாசலில் நிற்பார்கள்.

'சிறிய அமைப்புகளையும் கவனிக்க வேண்டும்' என்று பேசினால், 'கருத்து பதிவானது' என்று குறிப்பில் ஏறும், அத்தோடு சரி. பக்க எண், இருக்கும் வரி, அதற்குப் பதிலாக வர வேண்டிய வரி மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். உதாரணமாக, 'சிறிய அமைப்புகளுக்கு ஒப்பந்தம் ஆனதும் 30 சதவீதம் முன்பணம். கையிருப்பு நிபந்தனை இல்லை.' தொழிற்சங்கம், பல்கலைக்கழகம் என்று இரண்டு மூன்று உறுப்பினர்களிடம் முன்பே பேசி வைத்துவிட்டு வாக்கெடுப்புக் கேளுங்கள். தன் அமைப்பே அந்த நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறது என்றால், அதைச் சொல்லி அந்த விவாதத்திலிருந்து விலகிவிட வேண்டும். மறைத்தால் நல்ல திருத்தமும் சேர்ந்து அடிபடும்.

வாசகர், குழித்துறை: நம்மூரில் இப்படி ஓர் இடம் உண்டா?

மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 243இசட்டி பிரிவின்படி அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கும் ஆட்கள். தொண்டு அமைப்புக்கு என்று கட்டாய இடமோ வாக்கோ அந்தப் பிரிவில் இல்லை. களியக்காவிளை தாண்டினால் கதை வேறு: கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் உள்ளாட்சிதோறும் துறைவாரிப் பணிக்குழுக்கள் உண்டு, அதிகாரி அல்லாதவர்களும் உட்காருவார்கள். நமக்குக் கையில் இருப்பது கிராம சபைதான். பேசியதோடு விடாமல், தீர்மானப் புத்தகத்தில் எந்த வார்த்தை ஏறியது என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மீனவப் பெண்கள் சங்கம், குளச்சல் பக்கம்: அந்த நிதிக்கு நாங்கள் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த வட்டாரங்களுக்கான பணம். வெளிநாடுகளுக்கான ஒன்றிய உதவி வேறு கணக்கில் வருகிறது. அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று கணக்கும் வேண்டும். பெரிய அறக்கட்டளை ஒன்று வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 திருத்தம் அப்படிக் கைமாற்றுவதைத் தடை செய்துவிட்டது.