ஓட்டுக் கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்த பிறகு, அடுத்த தேர்தலில் சுயேச்சைகளுக்கு வேலை செய்ய எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளை எழுதித் தரச் சொன்னோம். 1996, 2001, 2006, 2011, 2019 என்று ஐந்து ஊராட்சித் தேர்தல்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தலைவர், வார்டு உறுப்பினர் போட்டியில் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் காசும் கொடியும் இல்லாத நல்லவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை எதிராளி கெடுத்ததைவிட நம்மைச் சேர்ந்தவர்களே கெடுத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, எங்கள் வேட்பாளருக்கு 40 பேர் ரெடி. தினமும் ராத்திரி 7 மணிக்குமேல் எல்லோரும் சேர்ந்து வீடு வீடாகப் போகலாம் என்று திட்டம். சரியா?

நாற்பது பேர் கிடைத்தது பெரிய விஷயம். நாற்பது பேரும் ஒரே முற்றத்தில் போய் நிற்பதுதான் தப்பு. உங்கள் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீடுகளில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். தூக்கத்தில் எழுப்பி ஓட்டுக் கேட்டால் யார் போடுவார்?

2001-ல் எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் நின்றார். கையில் காசு இல்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். கடைசி வாரம் சின்னம் அச்சடித்த ஸ்டிக்கரோடு பதினைந்து பிள்ளைகள் கிளம்பினார்கள். அனுப்பியது நான். ஒரு வீட்டில் மகள் கல்யாணத்துக்காக முன்கதவுக்குப் பச்சை எனாமல் புதிதாக அடித்திருந்தார்கள். வீட்டில் ஆள் இல்லை. நம் பிள்ளைகள் அந்தக் கதவில் கண்ணுக்கு நேராக மூன்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்துவிட்டார்கள். மறுநாள் அந்த அம்மா தேங்காய் எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டியபோது பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்திருக்கிறது. விஷயம் தெரிந்து நான் ஓடினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, கதவைக் காட்டினார். மூன்று இடத்தில் உள்ளே மரம் தெரிந்தது. அந்தக் குடியிருப்பில் அவர்களுடைய சொந்தக்காரர்கள் மட்டும் ஆறு வீடு. ஆசிரியர் 17 ஓட்டில் தோற்றார்.

அதனால் இரண்டு பேராகப் பிரியுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஒருவர் அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். இருட்டும் முன் முடித்துவிடுங்கள். கதவு, மதில், கேட் எதிலும் எதையும் ஒட்டாதீர்கள். வீட்டுக்காரர் “பார்ப்போம்” என்றால், “சரி, வருகிறோம்” என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். வாசலில் வாதம் செய்யாதீர்கள். இதை நான் இன்னும் பலமுறை சொல்வேன்.

தோவாளையிலிருந்து: வேட்புமனுவோடு என்னென்ன சான்றிதழ் வைக்க வேண்டும்?

ஒன்றிய அலுவலகத்தில் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் நேரில் கேளுங்கள். பழைய ஞாபகத்தில் நான் சொல்லி உங்கள் மனு தள்ளுபடியாகக் கூடாது.

கருங்கல்லிலிருந்து: சவுதியிலும் துபாயிலும் இருக்கும் நண்பர்கள் எங்கள் வேட்பாளருக்குப் பிளக்ஸ், மைக் செட் எல்லாம் ஏற்பாடு செய்கிறோம் என்கிறார்கள். அவரிடம் சொல்லாமல் செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று யோசனை.

வேண்டவே வேண்டாம். வேட்பாளருக்குத் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். 2019-ல் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய்தான். நாலு பெரிய பிளக்ஸ், இரண்டு நாள் மைக் செட், ஒரு வாடகை ஜீப் என்று வைத்தால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எதிராளி பிளக்ஸைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் வேட்பாளர், துபாய் நண்பர் இல்லை. வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வதே குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-வது பிரிவில் அதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நண்பர்களுக்கு உண்மையிலேயே உதவ ஆசை என்றால், ஊரில் இருக்கும் அப்பா, அம்மா, மாமனார், மாமியாருக்குப் போன் போடட்டும். “இவர் நல்லவர், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மகன் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எந்தப் பிளக்ஸும் ஈடில்லை.

இரணியலிலிருந்து: எதிர்த்து நிற்பவர் குடும்ப விஷயம் ஒன்று கையில் இருக்கிறது. உண்மைதான். எங்கள் பையன்கள் அதை மீம்ஸாக வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். தப்பா?

தப்பு. எதிராளியின் தங்கை உங்கள் வேட்பாளருடைய தெருவில் கட்டிக்கொடுத்தவராக இருப்பார். அவருடைய அத்தை மகன் உங்கள் குரூப்பிலேயே இருப்பான். நம் ஊராட்சிகளில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வழியில் சொந்தம். குடும்பத்தைத் தொட்டால் அதுவரை அவருக்கு ஓட்டுப் போட நினைக்காத சொந்தக்காரர்கள்கூட ஒன்று சேர்ந்துவிடுவார்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்டஸில் கோயில், குருசடி, பள்ளிவாசல், சாதி எதுவும் வரவே கூடாது. 1982-ல் மண்டைக்காட்டு மதக் கலவரத்தில் என்ன நடந்தது, அதன் பிறகு எத்தனை வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் பார்க்காமல் இருந்தார்கள் என்பதை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு வார்டு ஜெயிப்பதற்காக அந்தப் புண்ணில் கை வைக்கிறவன் என் கூட வேலை செய்ய வேண்டாம்.

தக்கலையிலிருந்து ஒரு தம்பி: கூட்டமாகப் போகாதே, வாதம் செய்யாதே, ஸ்டேட்டஸ் வைக்காதே என்கிறீர்கள். அப்புறம் இளைஞர்கள் எதற்கு? 1954-ல் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஆர்வத்தை அளந்து காட்டியிருந்தால் நாம் இன்று தமிழ்நாட்டில் இருப்போமா?

நல்ல கேள்வி மக்கா. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு, 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசிடம் குண்டடி பட்டவர்கள் இல்லாமல், நாம் இங்கே சேர்ந்த 1956 நவம்பர் 1 வந்திருக்காது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதே 1954-ல் சட்டமன்றத் தேர்தலிலும் நின்று 12 இடம் ஜெயித்தது. போராட்டம், தேர்தல் இரண்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போராட்டத்தில் ஏற்கெனவே நம் பக்கம் நிற்கிறவனின் உறுதி வேண்டும். தேர்தலில் இன்னும் முடிவெடுக்காதவர் மனசு வேண்டும். உறுதியைக் காட்டக் காட்ட அவர் ஒரு அடி பின்னால் போவார்.

அதே தம்பி: முடிவெடுக்காதவரைப் பேசித்தானே மாற்ற முடியும்?

பேசலாம், வாதாடக் கூடாது. ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, “போன தடவை நின்றவனும் இதையேதான் சொன்னான்” என்கிறார் என்று வையுங்கள். நம் பிள்ளை உடனே பத்துப் பாயிண்ட் எடுத்து விடுவான். பெரியவர் வாயை மூடிக்கொள்வார். பிள்ளை ஜெயித்துவிட்டதாக நினைத்து அடுத்த வீட்டுக்குப் போவான். அதற்குப் பதிலாக, “அவர் எதைச் செய்யாமல் விட்டார், பாட்டா?” என்று கேட்டுப் பாருங்கள். குளத்து மடை உடைந்து கிடப்பதைச் சொல்வார், தெருவிளக்கைச் சொல்வார். அதை அவர் கண் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள். மறுநாள் வேட்பாளர் நேராக அந்த மடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவரிடம் வரட்டும்.

குழித்துறையிலிருந்து ஒரு அக்கா: நான் வேலை செய்கிறவள் இல்லை, ஓட்டுப் போடுகிறவள். 2022 நகராட்சித் தேர்தலில் ஒரே வேட்பாளருக்காக மூன்று நாளில் ஐந்து தடவை வந்தார்கள். நான்காவது தடவை வந்தபோது குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தடவை கேட்டைத் திறக்கவில்லை.

தக்கலைத் தம்பி இதைப் படிக்கட்டும். ஐந்து தடவை வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை அக்கா. முதலில் வந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் அடித்துப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்திருந்தால் மற்ற நான்கு குழுவும் வந்திருக்காது.

தக்கலைத் தம்பி, மூன்றாம் முறை: எதிராளி கவரில் பணம் கொடுக்கிறார். நாங்கள் நோட்டில் மடையை எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா?

உன் கோபம் நியாயம். அந்தக் கவரைப் பார்க்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் நீங்கள் பையைப் பிடுங்கினால் அடிதடி ஆகும். இரண்டு பக்கமும் வழக்கு வரும். கடைசி இரண்டு நாள் வேட்பாளர் வீடு வீடாகப் போக வேண்டிய நேரத்தில் உங்களை ஜாமீனில் எடுக்க ஸ்டேஷன் வாசலில் நிற்பார். இதை நான் 2011-ல் கண்ணால் பார்த்தேன். கவர் கொடுத்தவர் அன்று நிம்மதியாக இன்னும் இரண்டு தெரு முடித்தார். தள்ளி நின்று வீடியோ எடுங்கள், நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள், தேர்தல் அதிகாரிக்கும் போலீசுக்கும் கொடுங்கள். கை நீட்டாதீர்கள்.

மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரி மாணவி: சென்னை, பெங்களூருவில் வேலை பார்க்கும் 30 பேர் லீவு போட்டு வருகிறார்கள். எல்லோரும் வேறு ஊர். உதவியா, உபத்திரவமா?

தங்கச்சி, இதற்கு உலகப் பாடமே இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் ஆக முயன்ற ஹோவர்ட் டீனுக்கு அயோவா மாநிலத்தில் வேலை செய்ய வெளி மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். முன்னணியில் இருந்தவர் அங்கே மூன்றாம் இடத்துக்குப் போனார். தொப்பி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குளிரில் கதவைத் தட்டியவர்கள் உள்ளூர்க்காரர்களுக்கு அந்நியர்களாகத்தான் தெரிந்தார்கள்.

அதே வருஷம் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை, ஒஹையோவின் கிளார்க் கவுண்டி வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதும்படி தன் வாசகர்களைத் தூண்டியது. “எங்களுக்குப் புத்தி சொல்ல நீங்கள் யார்?” என்று அங்கே கோபம் கிளம்பி, பத்திரிகை அந்த முயற்சியைக் கைவிட்டது. 2000-ல் புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோர் 324 ஓட்டில் ஜெயித்த அந்தக் கவுண்டியில், 2004-ல் அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் எதிர்த்த புஷ்ஷே ஜெயித்தார்.

உங்கள் 30 பேரும் நல்ல மனசோடு வருகிறார்கள். வாசலுக்கு அனுப்பாதீர்கள். பட்டியலைக் கணினியில் ஏற்றுவது, செலவுக் கணக்கு, பில் அடுக்குவது, சாப்பாடு இவற்றைக் கொடுங்கள்.

திங்கள்சந்தையிலிருந்து: பைக் ரேலி நடத்தலாமா?

வேண்டாம்.

அருமனையிலிருந்து: அண்ணாச்சி, 50 பைக் இருக்கிறது…

மேலே பாருங்கள். பெட்ரோல் செலவும் கணக்கில் வரும்.

தூத்தூர்ப் பக்கம்: ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் ஊரில் எல்லோரையும் பார்க்க முடியும். பூசை முடிந்து வரும்போது கோயில் முற்றத்தில் நோட்டீஸ் கொடுக்கலாமா?

வழிபாட்டு இடத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நடத்தை விதி. அது இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் திரும்பாத வீடுகள் உங்கள் ஊரில் அதிகம். அங்கே பகலில், பெண்கள் மட்டும் போகட்டும். ஒக்கிப் புயலில் ஆளை இழந்த வீடுகளில் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

ஒரு வார்டு வேட்பாளர், ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்கிறார்: எனக்காக உயிரைக் கொடுக்கும் ஒரு பையன். போகிற இடமெல்லாம் சண்டை. நிறுத்தினால் மனசு உடைந்துபோவான். என்ன செய்ய?

நிறுத்தாதீர்கள், வேலையை மாற்றுங்கள். எங்களிடம் 2019-ல் அப்படி ஒருவன் இருந்தான். அவனை வயசானவர்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் போட்டேன். ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நாலு ஓட்டு: தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள், அது போக வார்டு உறுப்பினருக்கு ஒன்று. முத்திரை இரண்டு சின்னத்துக்கு நடுவில் விழுந்தால் செல்லாமல் போகலாம். கையெழுத்துப் போட்டாலும் போச்சு. அவன் பழைய நோட்டு அட்டையில் கட்டம் போட்டு, மூடியில் மை தொட்டு, ஒவ்வொரு பாட்டியிடமும் பத்துத் தடவை குத்திக் காட்டச் சொன்னான். யாருக்குப் போடுங்கள் என்று கேட்கவே இல்லை. சண்டை போட நேரமும் இல்லை. அந்த உயிரைக் கொடுக்கும் பையனுக்கு இப்படி ஒரு வேலையைத் தேடிக் கொடுங்கள்.

குலசேகரத்துத் தம்பி மறுபடியும்: அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்கு அப்புறம் போனீர்களா, அண்ணாச்சி?

போனேன். ஓட்டு எண்ணி ஒரு வாரம் கழித்து, உப்புத்தாளும் ஒரு டப்பா பச்சை எனாமலும் வாங்கிக்கொண்டு, ஸ்டிக்கர் ஒட்டிய பிள்ளைகளில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஸ்டூலை எடுத்து வெளியே வைத்தார். பிள்ளைகள் கதவு முழுவதையும் தேய்த்து இரண்டு கோட் அடித்தார்கள். எல்லோருக்கும் கட்டன் சாயா கிடைத்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பந்தல் கட்ட ஆள் குறைவு என்று சொன்னார், பிள்ளைகள் அதற்கும் போனார்கள்.