இருக்கும் வீட்டை விற்றுப் பெரிய வீடு வாங்க வேண்டும், எதை முதலில் செய்வது?

கேள்வி இதுதான்: சொந்த வீடு இருக்கிறது, அதன்மேல் கடன் கொஞ்சம் பாக்கி, குடும்பம் பெரிதாகிவிட்டதால் இன்னும் ஓர் அறை கூடுதலாக உள்ள வீடு வேண்டும். முதலில் விற்பதா, வாங்குவதா, இரண்டிலும் எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்பதை முதலில் பாருங்கள். குறைந்தபட்சம் உங்கள் வீட்டுக்கு ஆள் உறுதியாகி, ஒப்பந்தம் எழுதி, முன்பணம் கைக்கு வந்த பிறகு அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள். நானும் இப்படி வீடு மாறியவன்தான், சொந்தத்திலும் நட்பிலும் இதே நிலையில் இருந்த பலருக்குத் துணையாகப் போய் வீடு பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் அதிகம் கஷ்டப்பட்டவர்கள் நல்ல வீட்டையே தேடிப் பிடித்து முன்பணமும் கொடுத்துவிட்டு, மீதிப் பணம் கட்ட வேண்டிய தேதி நெருங்க நெருங்கப் பழைய வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள். உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவருக்கு உங்களுக்கு ஒரு கெடு இருப்பது எப்படியும் தெரிந்துவிடும். வீட்டில் யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள், இல்லையென்றால் தரகர் சொல்லிவிடுவார். அதன் பிறகு அவர் விலை பேச வேண்டிய அவசியமே இல்லை, பேசாமல் காத்திருந்தால் போதும்.

இதற்கு எல்லோரும் உடனே கேட்கும் எதிர்க்கேள்வி, விலை ஏறிக்கொண்டே போகிறதே, விற்றுவிட்டுத் தேடினால் வாங்க முடியாமல் போய்விடாதா என்பது. நியாயமான பயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் வீடு 100, வாங்க நினைக்கும் வீடு 150 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது 50. விலைகள் எல்லாம் 10 சதவீதம் ஏறினால் 110, 165, வித்தியாசம் 55. அதே 10 சதவீதம் இறங்கினால் 90, 135, வித்தியாசம் 45. அதாவது பெரிய வீட்டுக்குப் போகிறவருக்கு விலை இறங்கும் காலம்தான் லாபம், ஆனால் நம் மக்கள் அப்போதுதான் “இப்ப வித்தா நஷ்டம்” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். (சின்ன வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்.) விலை ஏறும் காலத்தில் விற்றுவிட்டுக் காத்திருந்தால் நஷ்டம் வரும் என்பது உண்மை, ஏனென்றால் உங்கள் 100 அப்படியே நிற்கும், அங்கே 150 மட்டும் நகரும். அதனால்தான் விற்று முடித்துவிட்டு நிதானமாகத் தேட ஆரம்பியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தேடலை இன்றே தொடங்குங்கள், எந்தப் பகுதி, எத்தனை அறை, என்ன விலை போகிறது என்பதெல்லாம் மனதில் பதியட்டும், பணத்தை மட்டும் நீட்டாதீர்கள்.

அடுத்தது, விற்றால் கையில் என்ன நிற்கும் என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். இங்கேதான் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வீட்டுக் கடன் எடுத்து, மாறாத தவணையாக 5 வருடம் ஒழுங்காகக் கட்டியவருக்கு அசலில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்டால் கால் பங்கு என்பார். சுமார் 11 சதவீதம்தான் குறைந்திருக்கும். முதல் மாதத் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் பாதி கழிய 14 வருடம் ஆகும். ஆக விற்கும் விலையிலிருந்து இந்தப் பாக்கி, முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் இருந்தால் அது, தரகு, லாபத்துக்கு வரி வருமென்றால் அது, வீடு மாறும் செலவு, எல்லாம் கழித்த பிறகு வருவதுதான் உங்கள் பணம். புது வீட்டின் பக்கம் பதிவுச் செலவும் வக்கீல் கட்டணமும் உடனே செய்ய வேண்டிய பழுதுகளும் விலைக்கு மேல் வரும். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் ஒரு வீட்டைக்கூடப் போய்ப் பார்க்காதீர்கள், பார்த்துவிட்டால் மனசு அதிலேயே நின்றுவிடும், அப்புறம் கணக்கை அந்த வீட்டுக்குத் தக்கபடி வளைக்கத் தோன்றும்.

விற்றுவிட்டால் நடுவில் எங்கே இருப்பது? இதற்கு வழி இருக்கிறது. வாங்குகிறவரிடம் விலையைப் பேசும்போதே காலத்தையும் பேசுங்கள். பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, காலி செய்ய மூன்று நான்கு மாதம் கூடுதலாகக் கேட்கலாம். பத்திரம் முடிந்த பிறகும் சில மாதம் அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன் என்று கேட்கலாம், வாங்குகிறவர் உடனே குடிவராதவராக இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். வாடகை எவ்வளவு, கடைசி நாள் எது, தாண்டினால் என்ன என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். இது எதுவும் அமையவில்லை என்றால் சில மாதம் வாடகை வீடு. இரண்டு தடவை சாமான் ஏற்றி இறக்குவது பெரிய தலைவலிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவையும், அவசரத்தில் வீட்டை 5 சதவீதம் குறைத்து விற்றால் போகும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வாடகை வீடு மலிவாகத் தெரியும். பழைய வீடு விற்கும் முன்பே புது வீட்டை வாங்க வங்கிகள் கொடுக்கும் இடைக்காலக் கடனும் உண்டு. வட்டி பெரும்பாலும் கூடுதல், பழைய வீடு விற்கத் தாமதமானால் இரண்டு கடனும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். ஒரு வருடம் இரண்டையும் கட்டத் தாங்கும் சேமிப்பு இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

விற்கும் விலை. நீங்கள் வாங்கின விலைக்கும் இன்றைய விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதை ஏற்றுக்கொள்வது கடினம், ஆனால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் பாஸ்டன் நகரத்து அடுக்குமாடி வீடுகளின் விற்பனையை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். வாங்கின விலையைவிடக் குறைவாக விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அதே மாதிரி வீட்டை வைத்திருந்த மற்றவர்களைவிட அதிக விலை சொன்னார்கள். கொஞ்சம் கூடுதலாகவும் கிடைத்தது, ஆனால் அவர்கள் வீடு விற்க அதிக காலம் பிடித்தது. காலம் கையில் இருக்கிறவர் அப்படிக் காத்திருக்கலாம். உங்களுக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. தவிர, ஒரு வீடு விற்பனைக்கு வந்த முதல் சில வாரங்களில்தான் ஆர்வமுள்ளவர்கள் அதிகம் வருகிறார்கள், அப்போது விலையைக் கூட்டிச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டால், மாதங்கள் கழித்து இறக்கும்போது “இவ்வளவு நாளாகப் போகலையே, ஏதோ குறை இருக்கும்” என்ற பேச்சோடுதான் அடுத்தவர் வருவார். பக்கத்தில் சொல்லும் விலைகளை விட்டுவிடுங்கள், உண்மையில் பத்திரம் முடிந்த விலைகளை விசாரியுங்கள். அதை ஒட்டி விலை சொல்லுங்கள்.

தரகர் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ பகுதியில் தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர் வீட்டைவிடச் சுமார் பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றார்கள் என்று கண்டார்கள். தரகர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, நல்ல தரகர் கிடைத்தால் கையை விடாதீர்கள். ஆனால் விலை கொஞ்சம் கூடினால் அவருக்கு வரும் தரகு மிகச் சிறிதுதான் கூடும், சீக்கிரம் முடிந்தால் அவருக்கு முழுத் தரகும் கிடைத்துவிடும். “இந்த விலைக்கு முடிச்சிடுங்க” என்று அவர் சொன்னால் காரணம் கேளுங்கள்.

வீட்டைத் தயார் செய்ய அதிகம் செலவழிக்காதீர்கள். ஒழுகும் குழாய், எரியாத விளக்கு, இழுத்தால் வராத தாழ்ப்பாள், இவற்றைச் சரிசெய்து, சாமானைக் குறைத்து, வெளிச்சம் வரும்படி வைத்தால் போதும். சமையலறையை முழுசாக மாற்றிக் கட்டினால் வாங்குகிறவருக்கு அந்த நிறமே பிடிக்காமல் போகலாம். தெரிந்த குறையை மறைக்காதீர்கள். கூரை ஒழுகினால் ஒழுகும் என்று சொல்லி விலையில் சரிக்கட்டுங்கள், மறைத்தது ஒப்பந்தத்துக்குப் பிறகு வெளிப்பட்டால் அவர் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார், வழக்கு வரைக்கும்கூடப் போகலாம்.

சரி, இனி வாங்கும் பக்கம். விற்பனை உறுதியானவர் என்றால் எந்த விற்பனையாளரும் உங்களிடம் மரியாதையாகப் பேசுவார், உங்களுக்கும் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும். அந்த நேரத்தை முழுக்கத் தண்ணீருக்குச் செலவிடுங்கள் என்பேன், வீட்டைக் கெடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். மழை பெய்யும்போதோ பெய்து ஓய்ந்ததுமோ ஒரு தடவை போங்கள், தெருவில் எங்கே தேங்குகிறது, வாசல் மட்டம் தெருவைவிட உயரமா தாழ்வா என்று தெரியும். சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது ஓதம், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையையும், அதன் பின்சுவரையும் பாருங்கள். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரு சுவரில் மட்டும் புதுசு என்றால் ஏன் என்று கேளுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுக் கழிவறையிலும் தண்ணீர் ஊற்றுங்கள், வரத்தும் வடிகாலும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

கூரையில் பழுப்புக் கறையும், சிமெண்ட் பெயர்ந்து கம்பியும் தெரிந்தால் அதை “பூச்சு வேலைதான்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கித்தான் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது, மேலே பூசினால் மறுபடியும் உடையும். விரிசல் எல்லாமே ஆபத்து இல்லை, பூச்சில் தலைமுடி மாதிரி ஓடுவது சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி ஒரு முனையில் அகலமாகும் விரிசல், சுவரின் இரண்டு பக்கமும் தெரியும் விரிசல், அதோடு கதவும் சட்டத்தில் சிக்குகிறது என்றால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். அங்கே கட்டடப் பொறியாளரைக் காசு கொடுத்துக் கூட்டிப்போங்கள், நீங்கள் நியமித்தவராக, விற்பவருக்குத் தெரியாதவராக. மின்பெட்டியில் மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். மர நிலைகளைத் தட்டிப் பாருங்கள், வெற்றுச் சத்தம் வந்தாலோ சுவரோரம் மண்கோடு ஓடினாலோ கரையான். இரவில் ஒரு தடவை போய்த் தெருச் சத்தத்தைக் கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் தண்ணீர் எப்படி, சண்டை சச்சரவு ஏதாவது உண்டா என்று பேசிப் பாருங்கள்.

பத்திரம் பார்ப்பதை உங்கள் வக்கீலிடம் விடுங்கள், விற்பவரின் வக்கீல் உங்களுக்காக வேலை செய்ய மாட்டார். நீங்கள் கேட்க வேண்டியவை சில: வீடு யார் யார் பெயரில், அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவார்களா, வாரிசுகளில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா, வீட்டின்மேல் கடனோ வழக்கோ உண்டா, அனுமதி வாங்கின வரைபடத்தில் இருப்பதும் கட்டியிருப்பதும் ஒன்றுதானா, வரியும் பராமரிப்புக் கட்டணமும் பாக்கியா. “தம்பி வெளியூரில் இருக்கான், வந்ததும் போடுவான்” என்ற பதில் வந்தால் தம்பி வரும் வரை முன்பணம் கிடையாது.

ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளுக்காகப் பிடிவாதமாக நில்லுங்கள். கடன் கிடைக்கவில்லை என்றாலோ, ஆவணத்தில் குறை தெரிந்தாலோ முன்பணம் முழுசாகத் திரும்ப வேண்டும். பழைய வீடு விற்றால்தான் இதை வாங்குவேன் என்ற நிபந்தனையும் கேட்டுப் பார்க்கலாம், வீடுகள் மெதுவாகப் போகும் காலத்தில் சிலர் ஒத்துக்கொள்வார்கள். பணம் அனுப்பும்போது கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

முதலில் வாங்கியே ஆக வேண்டிய நிலையும் சிலருக்கு உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் பெற்றோருக்குத் தரைத்தளம் வேண்டும், அப்படிப்பட்ட வீடு அந்தப் பகுதியில் எப்போதோ ஒன்றுதான் வரும் என்றால் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அப்போது பழைய வீட்டை நீங்கள் நினைப்பதைவிட 10 சதவீதம் குறைவாகவும், ஆறு மாதம் தாமதமாகவும் விற்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்படியும் தாங்கினால் வாங்குங்கள்.

மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை வீட்டுக்குள் போங்கள், சாமான் காலியான பிறகு. அலமாரி மறைத்திருந்த சுவர் அன்றுதான் கண்ணில் படும். பேசினபடி மின்விசிறி, மோட்டார், தண்ணீர்த்தொட்டி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள், மின்சார, தண்ணீர் மீட்டர் அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விற்கும் வீட்டிலும் சாவியைக் கொடுக்கும் நாளில் இதே படத்தை எடுத்து வையுங்கள்.