ஓட்டோகிராஸ் (குறிச்ச பாதையில நேரம் பாத்து ஓடுற கார்ப் போட்டி) ஓடத் தொடங்கி நாலு முறை போயிட்டன், நேரம் குறையுதில்லை. காரில எதை மாத்தினால் குறையும்?

காரில ஒண்டையும் மாத்தாதேங்கோ. அவசரமா வாசிக்கிற ஆக்களுக்கு இவ்வளவும் காணும். மிச்சத்தை என்ர மனம் ஆறுறதுக்காக எழுதுறன்.

உங்களை எனக்குத் தெரியாது. கேள்வியைப் பாத்தால் இருவத்திரண்டு இருவத்திமூண்டு வயசு, கையில கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு, போனில ரயர் விலையும் சைலன்சர் விலையும் பாத்தபடி இருக்கிறியள் எண்டு நினைக்கிறன். தம்பி எண்டு நினைச்சுத்தான் எழுதுறன். தங்கச்சியெண்டால் குறை நினையாதேங்கோ.

நான் பந்தயக்காரன் இல்லை. வீட்டில ஒரு கோப்பையும் இல்லை. இதை முதலே சொல்லிப்போட்டன், பிறகு கீழ வந்து "நீர் ஆர் இதைச் சொல்ல" எண்டு ஒருத்தரும் கேக்க வேண்டாம். கிளிநொச்சிப் பக்கம், தொழில் சாரதி. மிதிவெடி அகற்றுற நிறுவனம் ஒண்டில பதினொரு வருசம் அம்புலன்ஸ் ஓடினனான், கூடுதலா முகமாலைப் பக்கம். அந்த வேலையை வெளியில இருக்கிற ஆக்கள் சும்மா மர நிழலில வானை விட்டிட்டு நித்திரை கொள்ளுற வேலை எண்டுதான் நினைக்கிறவை. காலமை அம்புலன்ஸ் வந்து, மூக்கு வெளிப்பாதையைப் பாத்தபடி நிண்டாப் பிறகுதான் உள்ள ஒருத்தர் முழங்காலில இருந்து மண்ணைத் தட்டத் தொடங்கலாம். இடைக்கிடை பயிற்சி வைப்பினம். ஒருத்தர் காயப்பட்ட ஆள் மாதிரிக் கிடப்பார், ஸ்ரெச்சரில தூக்கியருவினம், பின்கதவு அடிச்ச சத்தத்தோட நான் எடுக்கோணும். மேற்பார்வையாளர் கையில மணிக்கூட்டோட நிப்பார். பிந்தினாலும் பேச்சு, உள்ள கிடக்கிறவர் உருண்டாலும் பேச்சு. பின்னால இருக்கிற மருத்துவத் தங்கச்சி ஒரே ஒரு வசனம்தான் சொல்லுவா: "அண்ணை, சேலைன் ஆடுது."

அந்தச் சேலைன் பையைத்தான் கடைசியில சொல்லப்போறன், ஞாபகம் வைச்சிருங்கோ.

2024 ஆடியில அக்கான்ர மகன் ரொறன்ரோவில இருந்து வந்து நிண்டவன். அங்க ஓட்டோகிராஸ் ஓடுறவனாம். ஒன்ராறியோவில அதை ஓட்டோஸ்லாலம் எண்டு சொல்லுறவையாம். பெரிய கார்த்தரிப்பிடத்தில கூம்பு வைச்சு, ஒரு நேரத்தில ஒரு கார், ஓடி முடிக்க எவ்வளவு நேரம் எண்டதுதான் கணக்கு. கூம்பை விழுத்தினால் 2 செக்கன் கூட்டுவினம், வழி மாறினால் அந்த ஓட்டம் கணக்கில்லை. இங்கிலாந்தில இதே பேரில புல்வெளியிலயும் மண்ணிலயும் ஓடுறவை. எங்கட நாட்டில கார் எண்டால் கூடுதலா கிரவல் பாதையில கூட்டமா ஓடுற சூப்பர்கிராஸ்தான் பேர்போனது. நீங்கள் எதில ஓடினாலும் நான் சொல்லுற விசயம் பெரிசா மாறாது. கிரவலெண்டால் பிறேக்கை இன்னும் முதலே பிடிக்கோணும், அவ்வளவுதான்.

"மாமா, உங்களையும் ஒருக்கா நேரம் பாப்பமோ?" எண்டு கேட்டான். எனக்குச் சிரிப்பு. இருவது வருசத்துக்கு மேல ஸ்ரியறிங் பிடிச்ச கை.

முரசுமோட்டைப் பக்கம் தெரிஞ்ச ஒருத்தரின்ர அரிசி ஆலை இருக்கு. நெல்லுக் காயப்போடுற சீமெந்துத் தளம் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். சிறுபோகம் இன்னும் வெட்டேல்லை, தளம் வெறுமையாக் கிடந்தது. பெயின்ற் வாளி 14ஐக் கவிட்டு வைச்சு, ஒவ்வொண்டையும் சுத்தி வெண்கட்டியால வட்டம் கீறினான். வட்டத்தை விட்டு வாளி விலகினால் 2 செக்கன். ரெண்டு சுத்து ஓடோணும். கார் என்ர மாருதி 800. (சிரிக்கிறவை சிரிக்கலாம். 796 சிசி, மூண்டு சிலிண்டர், 12 அங்குலச் சில்லு. 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு இந்தத் தகரப் பெட்டிக்கு ஆக்கள் கேட்ட விலையை இஞ்ச எழுதினால் நம்பமாட்டியள்.)

அக்கா எங்களைப் போகவேண்டாம் எண்டு கத்தினவ. அந்த வருசம் ஏப்ரல் 21தான் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் சூப்பர்கிராஸில பாதையை விட்டுப் பாய்ஞ்ச கார் அடிச்சு ஏழு பேர் செத்தவை, அதில எட்டு வயசுப் பிள்ளையும் ஒண்டு. அதனால பாக்க வந்த பெடியள் எல்லாரையும் ஆலைச் சுவருக்குப் பின்னால ஏத்தித்தான் தொடங்கினம். நீங்கள் எங்க பழகினாலும் முதல் இதைப் பாருங்கோ.

நான் 46.9. அவன் 41.2. அதே கார், அதே வாளி.

உடன நான் சொன்ன சாட்டு உமி. உண்மையாவே அதில பாதி சரி. ஆலைத் தளத்தில கண்ணுக்குத் தெரியாத உமித்தூள் படிஞ்சிருக்கும், ரயருக்குக் கீழ அது பொடிக்குண்டு மாதிரி உருளும். முதல் ஓடுறவனுக்குத்தான் அவ்வளவும். ஓட ஓட சில்லுப் போற தடம் துப்பரவாகி பிடி வரும். அடுத்த நாள் தும்புத்தடியால ஆள் வைச்சுக் கூட்டினம். கூட்டக் கூட்டச் சோளகக்காத்து திரும்பக் கொண்டந்து கொட்டினது. சரி, நான் கடைசியா ஓடுறன் எண்டன். 46.1.

சொல்லவே வெக்கம், எண்டாலும் சொல்லுறன்: அண்டைக்கு ராத்திரி நான் சாப்பிடேல்லை.

இந்த ஊரில "றைவர்" எண்டால் ஆக்களுக்கு ஒரு இளக்காரம் இருக்கு. மகளைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கப் போனபோது படிவத்தில தந்தையின் தொழில் எண்ட இடத்தில சாரதி எண்டு எழுதினன். அதை வாங்கினவ நிமிர்ந்து "சொந்த வாகனமோ?" எண்டு கேட்டா. இல்லை எண்டன். "ஓ" எண்டா. அந்த "ஓ" இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. வாத்தியாரிட்ட ஆராவது "பள்ளிக்கூடம் சொந்தமோ" எண்டு கேக்கிறவையோ? இந்தக் கதைக்கும் உங்கட கேள்விக்கும் தொடர்பில்லை எண்டு தெரியும். ஆனால் ஸ்ரியறிங் ஒண்டுதான் எனக்குத் தெரிஞ்ச வித்தை, அதிலயும் 22 வயசுப் பெடியன் அஞ்சு செக்கனால அடிச்சிட்டான் எண்டால் எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

மூண்டாம் நாள் அவன் ஒரு வேலை செய்தான். அரை லீற்றர் தண்ணியைச் சொப்பிங் பையில இறுக்கிக் கட்டி, பின் சீற்றுக்கு மேல இருக்கிற கைபிடியில தொங்கவிட்டான். முன் சீற்றின்ர முதுகில போனை அதைப் பாத்தபடி ஒட்டி வீடியோ எடுத்தான். நான்தான் முதல் நாள் சேலைன் கதை சொன்னனான், அதில இருந்துதான் அவனுக்கு இது வந்திருக்கு. (போட்டியில காருக்குள்ள தொங்குற சாமான் ஒண்டும் இருக்கக்கூடாது. இது பழகேக்க மட்டும்.)

ரெண்டு வீடியோவையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தம். வளைவுக்கு வரேக்க அவன்ர பை ஒருக்கா முன்னுக்குப் பலமாப் பாயுது. பிறகு மெல்லப் பக்கத்துக்குச் சரியுது, சரிஞ்சபடியே நிக்குது, வளைவு முடியப் பின்னுக்குப் போகுது. என்ர பை கோயில் மணி. முன்னுக்கு, பக்கத்துக்கு, திரும்ப முன்னுக்கு, மற்றப் பக்கத்துக்கு. எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவைப்படேல்லை. வளைவுக்குள்ள போனாப் பிறகும் பிறேக்கை மிதிச்சிருக்கிறன். மாருதிக்கு முன்சில்லுதான் இழுக்கிறது, முன்சில்லுதான் திருப்பிறது. அந்தச் சின்ன ரயரிட்ட நிப்பாட்டவும் திருப்பவும் ஒரே நேரத்தில கேட்டால் அது ரெண்டையும் அரைகுறையாச் செய்யும். நேராப் போகேக்கயே பிறேக்கை ஒருக்கா நல்லா மிதிச்சு முடிச்சு, காலை மெல்ல எடுத்தபடி திருப்பினால் மூக்கு தானா உள்ளுக்கு வரும்.

பதினொரு வருசம் சேலைன் ஆடாமல் ஓடின ஆள், மணிக்கூட்டைப் "பந்தயம்" எண்டு சொன்ன உடன எல்லாத்தையும் மறந்துபோனன். அதுதான் எனக்கு நொந்தது.

இதை வாசிச்சிட்டு "மெல்ல ஓடினால் வேகம் வரும்" எண்டு நான் சொல்லுறன் எண்டு எடுக்காதேங்கோ. நானும் அப்பிடி எடுத்து அடுத்த ஓட்டத்தை நோயாளி ஏத்தின மாதிரி ஓடினன். பை ஆடவே இல்லை, நேரம் 48. பை ஆடோணும். ஒரு பக்கத்துக்கு ஒருக்காத்தான் ஆடோணும், பலமா ஆடோணும், திரும்பி வரேக்க அடிக்கக் கூடாது.

அடுத்தது கண். முகமாலையில துப்பரவாக்கின பாதையின்ர ரெண்டு கரையிலயும் தடி நட்டிருக்கும், சிவப்புத் தலைக்கு அங்கால போகக்கூடாது. முதல் கிழமையே எங்களுக்குச் சொல்லித் தந்தது, தடியைப் பாத்து ஓடினால் தடியிலதான் போய் ஏறுவாய், பாதையைப் பாத்து ஓடு எண்டு. வாளிக்கும் அதே கதைதான். கிட்ட நிக்கிற வாளியைப் பாக்கிறதை விட்டிட்டு அதுக்கு அடுத்ததுக்கும் அடுத்ததைத் தேடுங்கோ. கிட்ட நிக்கிறது எங்க எண்டு உங்களுக்கு முதலே தெரியும், ஏனெண்டால் நடந்து பாத்திருப்பியள். நடக்கேல்லையோ? அப்ப உங்கட நேரம் போன இடம் அதுதான். மருமகன் ஓட முதல் மூண்டு தரம் நடந்தவன், இடைக்கிடை குந்தியிருந்து பாத்தவன். 14 வாளியைப் பாக்க என்ன குந்திறாய் எண்டு பகிடி பண்ணினனான். சீற்றில இருக்கிற கண்ணின்ர உயரத்தில பாத்தால் ரெண்டு வாளி ஒண்டை ஒண்டு மறைக்கிற இடம் தெரியுமாம். தெரிஞ்சது. எட்டாவதுக்குப் பின்னால ஒன்பதாவது ஒளிச்சு நிண்டது, நான் ஒவ்வொரு முறையும் தடுமாறின இடம் அதுதான்.

வரிசையா நிக்கிற வாளிகளுக்குள்ள வளைஞ்சு போறதைப் பற்றியும் சொல்லோணும், தொடங்கிற ஆக்கள் எல்லாரும் அதிலதான் செக்கன் செக்கனா விடுறது. வாளி முன்சில்லுக்கு நேர வந்தாப் பிறகு ஸ்ரியறிங்கை வெட்டினால் பிந்திட்டியள். அந்தப் பிந்தல் அடுத்த வாளியில ரெண்டு மடங்காகும், நாலாவதில பிறேக் பிடிக்கத்தான் வேண்டிவரும். வாளியைத் தாண்ட முதலே கார் மற்றப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கோணும், பின்சில்லு வாளியை உரசிற மாதிரிப் போகோணும். அதுக்கு முதலாவது வாளிக்கு வரேக்கயே அக்சிலேற்றரைக் கொஞ்சம் விடோணும். அந்த இடத்தில விட மனம் வராது. விடுங்கோ.

செலவில்லாத விசயம் ரெண்டு மூண்டு இருக்கு. சீற்றை முன்னுக்கு இழுங்கோ, கை நீட்டிப் படுத்திருந்து ஓடுறது படத்துக்கு நல்லா இருக்கும். டிக்கியில கிடக்கிற ஜக், மேலதிகச் சில்லு, அம்மாவின்ர தேங்காய் எல்லாத்தையும் இறக்குங்கோ. ரயரின்ர தோளில வெண்கட்டியால குறுக்கக் கோடு கீறிப்போட்டு ஓடிப் பாருங்கோ. கோடு பக்கச்சுவரில இருக்கிற சின்ன முக்கோண அடையாளத்தையும் தாண்டி அழிஞ்சிருந்தால் காத்துக் காணாது, ரயர் மடியுது. தோளிலயே அழியாமல் கிடந்தால் காத்துக் கூட. என்ர முன்சில்லு ரெண்டுக்கும் 4 பவுண்ட் கூட்டினாப் பிறகு மூக்கு சொன்ன சொல் கேட்டது. ஒரு ஓட்டத்துக்கு ஒரு விசயம்தான் மாத்திப் பாருங்கோ, எல்லாத்தையும் ஒண்டாச் செய்தால் எது வேலை செய்தது எண்டு தெரியாது. உங்களைவிட வேகமா ஓடுற ஆள் ஆராவது இருந்தால் உங்கட காரை ஓடச் சொல்லிக் குடுங்கோ. குறை காரிலயோ உங்களிலயோ எண்டு ஒரு நிமிசத்தில முடிவு வரும். எனக்கு வந்தது.

இதுகளை ஏ9இல போய்ச் செய்து பாக்கிறவைக்கு நான் பொறுப்பில்லை. இருட்டினாப் பிறகு மாங்குளம் பக்கம் தார் சூடா இருக்கெண்டு கட்டாக்காலி மாடுகள் நடுறோட்டில படுத்திருக்கும், அதுகள் வட்டத்துக்குள்ள நிக்கிற வாளி இல்லை.

நாலாம் நாள் 43.4 வந்தது. அதுக்குப் பிறகு அவன் போயிட்டான். ஆலைக்காரரிட்டக் கெஞ்சி ஆவணியில நெல்லு வர முதல் இன்னும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடினன், மகள் போனில நேரம் பாத்தா. கடைசி ஓட்டம் 41.0. கை நடுங்க நடுங்க வீடியோவை ரொறன்ரோவுக்கு அனுப்பினன். அங்க விடியச் சாமம், எண்டாலும் உடன பதில் வந்தது.

"மாமா, ஒன்பதாவது வாளி வட்டத்துக்கு வெளியில நிக்குது. 43.0."

அது சோளகம் தள்ளினது.