கணினி கேள்வி – பதில்: உபுண்டுவில் விர்ச்சுவல்பாக்ஸ் இயங்க மறுப்பது ஏன்?

கேள்வி: தோல் பதனிடும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். அலுவலகக் கணினியில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ளது. விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருளுக்காக, கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவினேன். இடையில் புதிய கடவுச்சொல் ஒன்றை உருவாக்கச் சொன்னது, உருவாக்கினேன். கணினி மறுபடி தொடங்கியபோது ஒரு நீலத்திரை வந்தது. அஞ்சி, ‘கன்டினியூ பூட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இப்போது மெய்நிகர் கணினியைத் தொடங்கினால், கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை என்ற செய்தி 1908 என்ற எண்ணுடன் வருகிறது. நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியும் பயனில்லை. செக்யூர் பூட்டை அணைத்துவிடும்படி நண்பர் சொல்கிறார். அணைக்கலாமா? ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனை அந்த விண்டோஸில் பயன்படுத்த முடியுமா?
– வாசகி ஒருவர், வாணியம்பாடி

பதில்: அணைக்க வேண்டாம். நிறுவனத்தின் கணக்கும் கையொப்ப டோக்கனும் புழங்கும் கணினியில், நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் தவறவிட்டது அந்த நீலத்திரையை மட்டுமே.

விர்ச்சுவல்பாக்ஸ் இயங்குவதற்கு ‘விபாக்ஸ்டிரைவ்’ என்ற கூறு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஏற்றப்பட வேண்டும். அது கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை; டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே அதை உருவாக்கி, அங்கேயே பிறந்த ஒரு டிஜிட்டல் சாவியால் கையொப்பமிடுகிறது. செக்யூர் பூட் இயங்கும்போது, தான் நம்பும் சாவியின் கையொப்பம் இல்லாத எந்தக் கூறையும் உபுண்டுவின் கெர்னல் ஏற்றாது. அந்தச் சாவியை நம்பலாம் என்று, கணினியின் முன் அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் ஒருமுறை ஒப்புதல் தர வேண்டும். இல்லையென்றால் நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்றிய தீய மென்பொருளும் தன் சாவியைத் தானே பதிந்துகொள்ளும். அந்த ஒப்புதலைக் கேட்கவே நீலத்திரை வந்தது. ஒப்புதல் கிடைக்காதவரை எத்தனை முறை நிறுவினாலும் இதே பிழைதான் வரும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் மோக்யூடில் (mokutil) கட்டளையை சூடோ (sudo) என்ற நிர்வாகி அதிகாரத்துடன் இம்போர்ட் (--import) விருப்பத்தோடு கொடுத்து, உபுண்டு உருவாக்கி வைத்துள்ள, அந்தச் சாவி அடங்கிய ‘மோக்.டெர்’ (MOK.der) கோப்பைக் காட்டுங்கள். புதிதாக ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும்; அது இந்த ஒரு முறைக்கு மட்டும் பயன்படுவது. கணினியை மறுபடி தொடங்கி, நீலத்திரை வந்ததும் உடனே ஏதேனும் ஒரு விசையை அழுத்துங்கள். சில நொடிகளே அது காத்திருக்கும். ‘என்ரோல் மோக்’, பிறகு ‘கன்டினியூ’, பிறகு ‘யெஸ்’ என்று தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லை இடுங்கள். பின்னாளில் கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் டிகேஎம்எஸ் அதே சாவியால் புதிய கூறுக்குக் கையொப்பமிட்டுக்கொள்ளும். நீங்கள் மீண்டும் பதிய வேண்டியதில்லை. கெர்னலுக்குரிய ஹெடர்ஸ் தொகுப்பு கணினியில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கூறை உருவாக்க இயலாது.

இதற்குப் பின் இன்னொரு தடை வரக்கூடும். கெர்னலிலேயே கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி 2007 முதல் இருக்கிறது. கெர்னல் 6.12 முதல், அது ஏற்றப்பட்டவுடனேயே செயலியின் மெய்நிகராக்கத் திறனைத் தன்வசப்படுத்திக்கொள்கிறது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் அதைப் பயன்படுத்த முடியாமல் நின்றுவிடும். அப்படி நேர்ந்தால் கேவிஎம் கூறைக் கெர்னலிலிருந்து அகற்றிவிட்டு முயலுங்கள். அல்லது விர்ச்சுவல்பாக்ஸையே விட்டுவிட்டு, கேவிஎம்மை இயக்கும் விர்ட்-மேனேஜருக்கு மாறுங்கள். அங்கே சாவி பதியும் வேலையே இல்லை. கணினியைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லாத அலுவலகத்துக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

டோக்கனையும் அந்த விண்டோஸில் பயன்படுத்த முடியும். விர்ச்சுவல்பாக்ஸில் தொடர்வதானால் உங்கள் பயனர் கணக்கை ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்து, மெய்நிகர் கணினியின் யூஎஸ்பி அமைப்பில் டோக்கனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் கையில் அது இருக்கும் வரை உபுண்டுவுக்குக் கிடைக்காது. எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு இதற்குத் தேவையில்லை, 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்பிலேயே உண்டு. அந்தப் பேக் சொந்த உபயோகத்துக்கும் கல்விக்குமே இலவசம் என்பதால், நிறுவனத்தில் உரிமம் வாங்காமல் அதை நிறுவாதீர்கள்.

மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டோம் என்று காப்புநகலை மறந்துவிடாதீர்கள். ஸ்னாப்ஷாட்டும் மெய்நிகர் கணினி இருக்கும் அதே வட்டில்தான் கிடக்கிறது. வட்டு பழுதானால் இரண்டும் போய்விடும். மெய்நிகர் கணினியை முழுமையாக அணைத்த பின், அதன் கோப்புறையை வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து வையுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியில் 4 ஜிபி ராம்தான் உள்ளது. கல்லூரிப் பயிற்சிக்காக லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினி நிறுவலாமா?
– மாணவர் ஒருவர், குடியாத்தம்

பதில்: விண்டோஸ் 11 வேண்டாம், அது ஒன்றே 4 ஜிபி கேட்கும். டெஸ்க்டாப் இல்லாத டெபியன் லினக்ஸுக்கு 1 ஜிபி கொடுத்தால் போதும். சர்வர், நெட்வொர்க் பாடங்களை அதிலேயே தாராளமாகப் பழகலாம். முதலில் பயாஸ் அமைப்பில் செயலியின் மெய்நிகராக்கத் திறன் (இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம்) செயல்பாட்டில் உள்ளதா என்று பாருங்கள்.