ஒரு கண்டம், ரெண்டே மொழியாம்!

கேள்வி: தென் அமெரிக்கா எவ்வளவு பெரிய கண்டம்! ஸ்பானிஷ், போர்ச்சுக்கீஸ் என்று இரண்டே மொழிகளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இத்தனை மொழி, இத்தனை சண்டை? (தேவகோட்டை வாசகர்)

பதில்: இரண்டு என்று யார் எண்ணிச் சொன்னார்கள்?

அங்கே 12 நாடுகள். ஒன்பதில் ஸ்பானிஷ். போர்ச்சுக்கீஸ் பிரேசிலில் மட்டும்தான், ஆனால் அந்த ஒரு நாட்டிலேயே 20 கோடிப் பேர், கண்டத்தில் ஏறக்குறையப் பாதி. கயானாவில் ஆங்கிலம், சுரினாமில் டச்சு. பக்கத்திலுள்ள பிரெஞ்சு கயானா இன்றும் பிரான்ஸின் பகுதி. அங்கே யூரோ கொடுத்துத்தான் காய்கறி வாங்க வேண்டும். ஆக, கப்பலேறி வந்த ஆட்சிமொழிகளே ஐந்து. கரும்புத் தோட்டக் கூலிகளாக சுரினாமுக்குப் போன போஜ்புரிக்காரர்களின் வாரிசுகள் வீட்டில் பேசும் சர்னாமியை நான் இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை.

மண்ணின் மொழிகளுக்கு வருவோம். பெரு, பொலிவியா, ஈக்வடார் மலைப்பகுதிகளில் கெச்சுவா பேசுகிறவர்கள் மட்டும் ஏறத்தாழ 80 லட்சம். பொலிவியாவின் 2009 அரசியல் சட்டம் ஸ்பானிஷோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழி என்று அறிவித்தது. நம் எட்டாவது அட்டவணையில் இருப்பதே 22. பொலிவியாவின் மக்கள்தொகையோ ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 'நிம்மதி'. 1781-இல் பெருவின் குஸ்கோ நகரில், தங்கள் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த இரண்டாம் துபாக் அமாருவை மனைவி, மூத்த மகனோடு கொன்ற ஸ்பானிய அதிகாரிகள், தீர்ப்பிலேயே இன்னும் சிலவற்றையும் எழுதி வைத்தார்கள். ஸ்பானியருக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களின் உடை உடுத்தக் கூடாது. செத்துப்போன அரசர்களுக்காகக் கறுப்பு உடுத்தக் கூடாது. கடற்சங்கு ஊதக் கூடாது. அதன் ஓலம் துக்கத்தைக் கிளப்புகிறதாம். கெச்சுவாவை விட்டுவிட்டு ஸ்பானிஷ் பேச வேண்டும். ஒரு ஜனத்தை வாயடைப்பது என்று முடிவெடுத்தால் சங்கைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

பிரேசில் கதையும் அதே ரகம்தான். அமேசான் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது போர்ச்சுக்கீஸ் அல்ல. துப்பி என்ற பழங்குடி மொழியிலிருந்து கிளைத்த 'பொதுமொழி'. லிஸ்பனில் அதிகாரம் செலுத்திய பொம்பால் பிரபு காலத்தில், 1757-58-இல், அதற்குத் தடை வந்தது. பள்ளியில் போர்ச்சுக்கீஸ் மட்டும்தான் என்றார்கள். நாம் சாப்பிடும் அன்னாசியின் பேர்கூட துப்பி-குவாரனி வாயிலிருந்து போர்ச்சுக்கீசியர் வாங்கிக்கொண்டு வந்ததுதான். பழத்தின் பேர் வேண்டும், பேசுகிறவன் வாய் திறக்கக் கூடாது!

ஆனால் அந்தப் பொதுமொழி செத்துவிடவில்லை. நெயெங்கத்து என்ற பேரில் வடமேற்கு அமேசானில் இன்றும் பேசுகிறார்கள். 2002-இல் சாவ் கேப்ரியல் ட கசோய்ரா என்ற ஊரின் நகராட்சி அதையும், துகானோ, பனீவா மொழிகளையும் போர்ச்சுக்கீஸோடு ஆட்சிமொழியாக்கியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பராகுவே. அங்கே பழங்குடியினர் நூற்றுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். பழங்குடி மொழியான குவாரனியைப் பேசுகிறவர்களோ பாதிக்கும் மேல். வந்த ஸ்பானியர்கள் கொஞ்சம் பேர். பிள்ளைகளை வளர்த்தவர்கள் குவாரனித் தாய்மார்கள். பள்ளியில் குவாரனி பேசினால் தண்டனை என்றிருந்த காலத்திலும் சமையற்கட்டில் அதுதான் ஓடியது. 1992-இல் ஸ்பானிஷுக்குச் சமமாக ஆட்சிமொழி ஆனது. இரண்டையும் கலந்துகட்டிப் பேசுவதற்கு ஜொப்பரா என்று பேர். பயறும் சோளமும் போட்டு வேகவைக்கும் ஒரு கதம்பத்துக்கும் அதே பேர்தான். இன்னொன்று: குவாரனியில் கேட்கிறவரைச் சேர்த்துச் சொன்னால் 'ஞண்டே', சேர்க்காமல் சொன்னால் 'ஓரெ'. நம்முடைய நாம், நாங்கள் மாதிரியேதான். இந்த வித்தியாசம் ஸ்பானிஷுக்கும் கிடையாது, போர்ச்சுக்கீஸுக்கும் கிடையாது.

மொழி கூடினால் சண்டை கூடும் என்கிறீர்கள். கொலம்பியா-பிரேசில் எல்லையில் வாவ்பெஸ் ஆற்றங்கரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். துகானோ முதலிய பல குடிகளில் ஒருவர் எந்தக் குடி என்பதைச் சொல்வது அப்பாவின் மொழி. பெண் எடுப்பதோ வேறு மொழிக்காரர் வீட்டில். ஆகவே அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி, பெரியப்பா, சித்தப்பா மனைவிமார் வேறு வேறு மொழி; பிள்ளைகள் மூன்று நான்கு மொழி கேட்டு வளர்கிறார்கள். நம் ஊரில் ஒரே கோத்திரத்தில் சம்பந்தம் பேசினால் எப்படிப் பார்ப்பார்களோ, அங்கே ஒரே மொழிக்குள் பெண் கேட்டால் அப்படிப் பார்ப்பார்கள்: "அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம்?"