முழுமுக மாஸ்க்கில் காது அடைக்கிறதா?

முழுமுக மாஸ்க் என்பது கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் மூடும் சுழியோடி மாஸ்க். நீருக்குள் இறங்கும்போது அழுத்தத்தால் அடைக்கும் காதைத் திறக்க, இதில் மூக்கை விரலால் பிடிக்க வேண்டியதில்லை. மாஸ்க்குக்குள் மூக்குக்குக் கீழே இரண்டு ரப்பர் கட்டைகள் இருக்கும். மாஸ்க்கின் அடிப்பகுதியை மேல்நோக்கி அழுத்தினால் அவை மூக்குத் துளைகளை அடைக்கும். அப்போது மூக்கால் மெதுவாக ஊதுங்கள்.

திருகோணமலை நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத்தீவில் 4 மீற்றர் ஆழத்திலேயே காது வலித்து மேலே வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை மாஸ்க் என்கிறீர்கள், அதனால் கட்டைகள் வேறொருவர் மூக்குக்கு ஏற்றபடி இருந்திருக்கலாம்.

1. படகு ஏறுமுன் நிலாவெளிக் கரையிலேயே மாஸ்க்கைப் போட்டு, அழுத்தி ஊதிப் பாருங்கள். காது 'டப்' என்று திறந்தால் சரி.
2. மூக்கால் காற்று கசிந்தால் வாடகைக்குத் தந்தவரிடம் கட்டைகளை நகர்த்தச் சொல்லுங்கள்.
3. இறங்கும்போது வலி வருமுன்பே அடிக்கடி ஊதுங்கள். முதல் 10 மீற்றருக்குள்ளேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும்.

இதற்காக அந்த மாஸ்க்கைக் கைவிட்டுவிடாதீர்கள். பல்லால் கடிக்க ஒன்றுமில்லை, தாடை வலிக்காது, மூக்காலும் மூச்சு விடலாம், கண்ணாடியில் ஆவி படிவதும் குறைவு. எல்லாவற்றையும் விட, சுழியோடி மயங்கினாலும் ரெகுலேற்றர் (மூச்சுக் காற்றைத் தரும் கருவி) வாயிலிருந்து நழுவாது. எனக்கு அதுதான் பெரிய காரணம்.

ஆனால் ஒன்று: அதைக் கழற்ற நேர்ந்தால் பார்வையும் காற்றும் ஒன்றாகவே போய்விடும். எனவே சாதாரண மாஸ்க் ஒன்றும் உபரி ரெகுலேற்றரும் கட்டாயம் கூடவே இருக்கட்டும்; மாற்றிப் போடுவதை ஆழமில்லாத நீரில் பயிற்றுநரோடு பழகுங்கள். அப்புறம், தடிமன் (சளி) இருக்கும் நாளில் எந்தக் கட்டையும் உதவாது, இறங்காதீர்கள்.