ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், நாலு ஜாய்ஸ்டிக்: வாசகர் கேள்வி – பதில்

கோடை லீவுக்குத் தங்கை பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளோடு சேர்த்து நாலு பேர். ஹாலில் 43 இஞ்ச் டிவி இருக்கிறது. எல்லோரும் ஒன்றாக விளையாடக் கம்ப்யூட்டர் போட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு (படம் வரைவதற்கான தனி அட்டை) இல்லாமல் ஆகாது என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகி, குடியாத்தம்

கார்டு இல்லாமலே ஆகும். என்ன விளையாடப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓவர்குக்ட் 2 போன்ற ஆட்டங்களில் நாலு பேரும் ஒரே காட்சிக்குள் ஓடுவார்கள்; கம்ப்யூட்டர் வரைய வேண்டியது ஒரு படம்தான். அதற்கு ஆபீஸ்களில் கழித்துவிடும் குட்டிப் பெட்டி, எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப் உள்ளது, போதும். ஆட்டத்தின் கிராபிக்ஸ் அளவை மட்டும் குறைத்து வையுங்கள். கார் பந்தயம் வேறு கதை. திரை நாலாகப் பிரியும்போது அதே சாலையை நாலு கோணத்தில் வரைய வேண்டும். அந்தப் பெட்டி அங்கே திணறும். பந்தயம்தான் வேண்டும் என்றால் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி சிப் போட்ட கம்ப்யூட்டர் பாருங்கள். அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் இன்டெல்லுடையதைவிட நன்றாகவே இழுக்கும்.

ரேம் 16 ஜிபி. ஒரே துண்டாக வாங்க வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். தனி கார்டு இல்லாதபோது படம் வரைவதற்கும் இந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு துண்டு இருந்தால் தரவு இரண்டு பாதையில் ஓடும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆட்டங்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 500 ஜிபி இருக்கட்டும்.

காட்பாடியில் ரயில் பிடித்துச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் பழைய பெட்டி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓடவிட்டு எஸ்எஸ்டி எத்தனை சதவீத ஆரோக்கியத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பல குட்டிப் பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும். “டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு” என்று சொல்லியே கேபிள் கேளுங்கள். இது ஒருவழிப் பாதை. மாற்றி வாங்கினால் டிவியில் ஒன்றும் வராது.

ஆட்டங்களை வாங்கி ஓட்டும் ஸ்டீம் மென்பொருளைப் பிக் பிக்சர் என்ற முழுத்திரை முறையில் தானாகத் திறக்கும்படி வைத்துவிட்டால் கீபோர்டு, மவுஸ் தேடாமல் ஜாய்ஸ்டிக்காலேயே ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். காசு போடுவதற்கு முன் சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தய ஆட்டத்தை இறக்கிப் பாருங்கள். இலவசம், நாலு பேர் திரையைப் பிரித்து ஓட்டலாம். ஒரு கணக்கு மட்டும்: 43 இஞ்சை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 21.5 இஞ்ச். பத்தடி தள்ளி சோபாவில் இருந்தால் எழுத்து தெரியாது. பாயை விரித்து ஐந்தாறு அடியில் உட்காருவதே சரி.

பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் பொம்மை குதிக்கிறது. கம்ப்யூட்டர் புதியது. என்ன கோளாறு?
– வாசகர், சத்துவாச்சாரி

கோளாறு பெரும்பாலும் டிவியில்தான். வருகிற படத்தை மெருகேற்றிக் காட்ட டிவி எடுத்துக்கொள்ளும் நேரம்தான் இந்தத் தாமதம். சினிமாவுக்கு அது தெரியாது, ஆட்டத்துக்கு உயிரை வாங்கும். டிவி செட்டிங்ஸில், கம்ப்யூட்டர் செருகிய ஹெச்டிஎம்ஐக்கு கேம் மோடு போடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். இன்புட் பெயரை “பிசி” என்று மாற்றினால் சில டிவிகளில் எழுத்தும் கூர்மையாகும்.

டிவி 4கே, கம்ப்யூட்டரில் இருப்பது பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் இன்னொரு சிக்கல். 4கே படம் நொடிக்கு 30 முறைதான் போகும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1920 x 1080, 60 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். படம் சரியாகி, சத்தம் மட்டும் பின்தங்கினால் புளூடூத் சவுண்ட்பார்தான் காரணம், கேபிளில் இணையுங்கள்.

இரண்டு வயர்லெஸ் ஜாய்ஸ்டிக் நன்றாக வேலை செய்கிறது. மூன்றாவதும் நாலாவதும் அடிக்கடி துண்டிக்கிறது.
– வாசகர், ராணிப்பேட்டை

புளூடூத் டாங்கிளை (ஜாய்ஸ்டிக்கோடு பேசும் குட்டி யூஎஸ்பி துண்டு) கம்ப்யூட்டருக்குப் பின்னால், நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகியிருக்கிறீர்களா? யூஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும்; புளூடூத் ஓடுவதும் அதே இடத்தில்தான். யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் வயர் ஒரு மீட்டர் வாங்கி, டாங்கிளை டிவிக்கு முன்பக்கம், ஜாய்ஸ்டிக் நேராகப் பார்க்கும்படி கொண்டு வாருங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு வயர், இரண்டு வயர்லெஸ் என்று பிரித்துக்கொள்வதுதான் நிம்மதி.

ஐந்தாவது ஜாய்ஸ்டிக் வாங்கும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். விண்டோஸில் ஜாய்ஸ்டிக்கைப் படிக்கப் பல ஆட்டங்கள் நம்பியிருக்கும் எக்ஸ்இன்புட் முறை நாலுக்கு மேல் ஏற்காது. ஒரே கீபோர்டில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைப்பதும் சண்டையில் முடியும்: மலிவான கீபோர்டுகள் மூன்று நாலு விசைகளை ஒன்றாக அழுத்தினால் ஒன்றை விட்டுவிடும். “நான் அழுத்தினேன்” என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை.

அரை மணி நேரம் ஆடினால் கம்ப்யூட்டர் மந்தமாகிறது, சில நாள் அணைந்தே போகிறது. ஷோகேஸில் வைத்திருக்கிறோம்.
– வாசகி, ஆரணி

கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸா? அதுதான் காரணம். நம் பக்கத்து மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; மூடிய அறைக்குள் பெட்டி தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். சிப் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், பிறகு அணையும். வெளியே எடுத்து, பின்னாலும் காற்றுத் துளைகள் உள்ள பக்கமும் பத்து சென்டிமீட்டர் இடம் விடுங்கள். பழைய பெட்டி என்றால் தூசி ஊதி, சிப்பின் மேல் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது.
– வாசகர், ஆம்பூர்

இன்வெர்ட்டரின் பின்னால் அல்லது முன்னால் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்குப் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. சுவிட்ச் இல்லாவிட்டால் 600 விஏ யூபிஎஸ் ஒன்று தனியாக வைத்துக் கம்ப்யூட்டரை மட்டும் அதில் செருகுங்கள். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக (மின்சாரம் சீரான அலையாக வராதது) இருந்தால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையின்போது நாள் முழுக்க அதில் ஆடவிட வேண்டாம். சேவ் செய்து அணைத்துவிடுங்கள்.

பெங்களூரில் இருக்கும் பேரனும் எங்களோடு சேர்ந்து ஆட முடியுமா? அவனும் ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?
– வாசகர், காட்பாடி

முடியும், வாங்க வேண்டாம். ஸ்டீமில் ரிமோட் பிளே டுகெதர் என்ற வசதி இருக்கிறது. ஆட்டம் உங்களிடம் மட்டும் இருந்தால் போதும். ஒரே வீட்டில் சேர்ந்து ஆடும் வசதி கொண்ட ஆட்டமாக மட்டும் இருக்க வேண்டும். படம் உங்கள் வீட்டிலிருந்து அவனுக்குப் போகிறது. ஆகவே பார்க்க வேண்டியது உங்கள் இணையத்தின் அப்லோடு வேகம். ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் வயர் இழுத்துவிடுங்கள்.